நரகமில்லாக் கோயிலின் ஐயரம்மா

1987 ஜூன் 7, ஞாயிறு

புது ஆள் வந்தாயிற்று. பெயர் பியூலா. மதுரைக்காரி. பெங்களூரில் வேதம் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாளாம். பார்த்தால் காலேஜுக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தோல்பை, ஆண்பிள்ளை கட்டுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம். அவ்வளவுதான் சாமான்.

என் வீட்டுக்காரர் மாசிலாமணி ஐயர் பத்தொன்பது வருஷம் இந்தச் சபையின் போதகராக இருந்தார். தை மாதம் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்துக்குத்தான் இவள். மூன்று மாதம் பரீட்சைக் காலம். அது முடிந்ததும் சபை முழுக்க எழுந்து நின்று சம்மதம் சொன்னால் நிரந்தரமாகிவிடுவாள். அதுவரை போதகர் வீடான குருமனையில் முன்னறை அவளுக்கு. பின்கட்டு எனக்கும் நேசமணி மைனிக்கும். மைனி அவருடைய மூத்த அக்காள். பரீட்சைக்கு வந்தவர் குருமனைச் சோறுதான் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். ஆகவே சமைத்துப் போடுகிறவளும் நான்தான்.

சபைச் செயலாளர் செல்லையா வாத்தியார் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு என்னிடம் சமாதானம் பேசினார். "பொம்பளப் போதகரான்னு மலைக்காதிய ஐயரம்மா. காலம் மாறிட்டுல்லா. பத்து வருசத்துக்கு முந்தின்னா நாங்களே ஒத்துக்கிட்டிருக்க மாட்டோம்" என்றார்.

பத்து வருஷத்துக்கு முந்தி எனக்கு முப்பத்தெட்டு வயது.

"நான் எதுக்கு மலைக்கப் போறேன்?" என்று சொல்லிக் காப்பியைக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அவர் மரியாதைக்காரர், குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 10, புதன்

கிணற்று உருளை கீச்சிட்டது. எண்ணெய் விட்டேன். அந்தப் பெண் காலையில் வாய்விட்டு ஜெபிக்கிறாள், பின்கட்டு வரைக்கும் கேட்கிறது. ஐயர் மனசுக்குள்தான் ஜெபிப்பார்.

ஜூன் 14, ஞாயிறு

அவளுடைய முதல் பிரசங்கம்.

ஊரில் உள்ள மற்றக் கோயில்காரர்கள் எங்களை 'நரகமில்லாக் கோயில்' என்று கேலி பேசுவார்கள். கடைசியில் கடவுள் ஒருவர் விடாமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்வார், யாரையும் நெருப்பில் போட மாட்டார் என்பது எங்கள் விசுவாசம். குடிகாரன், கொலைகாரன், வட்டிக்காரன் எல்லாருக்கும் இடம் உண்டு. சின்ன வயதிலிருந்து இதை நான் நம்பி வந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. எல்லாரும் என்றால் இவளும்தான். அங்கேயும் வந்து எனக்கு முன்னால் நின்று பிரசங்கம் பண்ணுவாள்.

நன்றாகப் பேசினாள். இல்லை என்று சொல்ல மாட்டேன். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். அப்புறம் சரியாகிவிட்டது. முடிக்கும்போது, "மறைந்த ஐயர் சொன்ன ஒரு வார்த்தையை வாத்தியார் எனக்குச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தாள். "கடைசிப் பிள்ளை வந்து சாப்பிடுற வரைக்கும் கடவுள் அடுப்பை அணைக்க மாட்டார்."

கோயில் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எனக்குப் பின்னால் ஒருத்தி, "ஐயர் மனுசனா? தெய்வம்லா" என்றாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தை வந்த சனிக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "ஞானசுந்தரி, நாளைக்கு என்ன பேச? ஒன்னும் ஓடலயே" என்றார். எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்து நிற்பார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் பேச்சு இருக்கும். அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது?

மத்தியானம் சாளைமீன் குழம்பு. அவளுக்கு வால்துண்டு வைத்தேன்.

ஜூன் 24, புதன்

வாத்தியார் மகனுடைய பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போதகர் சைக்கிளில் போவதைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வருகிறது.

இத்தனை வருஷம் நானும் வீடு வீடாகப் போனேன். நடந்து போனேன். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கஞ்சி, காய்ச்சல்காரிக்கு ஜெபம், சண்டைபோட்ட மாமியார் மருமகளுக்கு நியாயம், எல்லாம் நான்தான் பார்த்தேன். இன்றைக்கு ராஜம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பிள்ளைக்கு மாந்தம். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். வந்தவள் நெளிந்தாள். "நீங்க எதுக்கு வெயில்ல வாரிய ஐயரம்மா? அந்தச் சின்னம்மா வந்தா போதும்னு சொன்னாவ."

போதும்னா போதும். எனக்கும் முருங்கைக்கீரை ஆய வேண்டிய வேலை இருந்தது.

ஜூலை 5, ஞாயிறு

இன்று அசனம். கோயில் திருநாள் விருந்து. எங்கள் சபையில் அசனத்துக்கு ஒரு முறை உண்டு. போதகர் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். ஊரில் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் இலை போடுவார். எல்லாரும் சேர்ந்த பிறகே விருந்து முடியும் என்பதற்கு அது அடையாளம்.

அவளுக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாமென்றுதான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை.

முதல் பந்தியில் போய் உட்கார்ந்தாள், வெட்டியான் குடும்பத்துக்குப் பக்கத்தில். சோறு விழுந்தது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. யாரோ அவள் காதில் சொல்லியிருக்கிறார்கள். சட்டென்று எழுந்தாள். "மன்னிச்சிருங்க, தெரியாம உக்காந்துட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, தன் இலையை வெட்டியானுடைய பெண்டாட்டி பக்கம் நகர்த்தி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டாள். கடைசிப் பந்தி வரைக்கும் அந்த வாளியைக் கீழே வைக்கவில்லை.

"இதுலா பிள்ளை!" என்று ஊரே மெச்சுகிறது. எல்லாம் என் கைங்கரியம்.

ஜூலை 6, திங்கள்

மைனி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏட்டி ஞானசுந்தரி, ஒனக்கு அந்தப் பிள்ள மேல பொறாமையா?"

"எனக்கென்ன பொறாமை? அவ வயசென்ன, என் வயசென்ன?"

"அப்பம் எதுக்கு மூஞ்சி இப்பிடிச் சுண்டிப் போய்க் கெடக்கு?"

"நேத்து அசனத்துல புளி கூடிட்டு மைனி. வயிறு எரியுது."

"எரியும் எரியும்" என்றாள். கிழவிக்கு வாய் நீளம்.

ஜூலை 22, புதன்

வடக்குத் தெருவில் ஒரு பெண் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். பத்தொன்பது வயது. அவள் போய்க்கொண்டிருந்த கோயிலில், தானாக உயிரை விட்டவளுக்கு மணி அடிக்க மாட்டோம், எங்கள் கல்லறையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். ஐயர் காலத்திலும் வந்திருக்கிறார்கள்.

பியூலாதான் அடக்கம் செய்தாள். திரும்பி வந்தவள் முன்னறைக்குப் போகாமல் நேராக அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். "அந்தப் பொண்ணோட அம்மா கேக்குறாங்கம்மா, என் பிள்ளை இப்ப எங்க இருக்கான்னு. கடவுள்கிட்டன்னு சொன்னேன். அவர் கோபமா இருப்பாரான்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல. நாளன்னைக்கு வீட்டு ஜெபத்துல மறுபடியும் கேப்பாங்க" என்றாள்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. "மழையில நனைஞ்சு வந்த பிள்ளகிட்ட ஏம்ட்டி நனைஞ்சன்னு எந்தத் தாயும் மொதல்ல கேக்க மாட்டா. துண்ட எடுத்துத் தலையத்தான் தொவட்டுவா. கேள்வியெல்லாம் பொறவுதான். அதுக்குள்ள கோவமும் போயிரும்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "துருவினது போதுமா பாருங்க" என்று கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

ஜூலை 25, சனி

நேற்று அந்த வீட்டு ஜெபத்துக்கு நான் போகவில்லை. முட்டுவலி. காலையில் பால்காரி சொன்னாள், பியூலா மழையையும் துண்டையும் வைத்துப் பேசினாளாம், செத்தவளுடைய அம்மா முதல் தடவையாக வாய்விட்டு அழுது, ஒரு வாய் கஞ்சி குடித்தாளாம். ஊரே சொல்லிச் சொல்லி மாய்கிறது.

ஐயர் எடுத்துக்கொண்டது போதாதென்று இவளுமா?

மேலே உள்ள வரியை அடித்துவிட வேண்டும். செத்த மனுஷனைப் பற்றி இப்படி எழுதக் கூடாது. அவர் என்னை ஒரு நாள் அடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் கையைப் பிடித்துப் புகழ்கிறபோது தலையைக் குனிந்துகொள்வார். தாழ்மையானவர் என்று அதற்கும் ஒரு புகழ்.

வரியை அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 3, திங்கள்

மைனியிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் அன்றைக்கு அந்த வடக்குத் தெரு வீட்டு ஜெபத்தில் இருந்திருக்கிறாள்.

"பிள்ள ஒம் பேரச் சொல்லித்தான் சொன்னா. ஐயரம்மா சொன்னாங்கன்னு ரெண்டு மட்டம் சொன்னா" என்றாள்.

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"என்ன சொல்லுவாவ? ஐயர் சொல்லிக்குடுத்திருப்பாவன்னாவ."

இப்போது அவள் மேல் கோபப்படக்கூட வழியில்லை. திருடினாள் என்றாவது இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். நல்லவளாக இருந்து தொலைக்கிறாள். எரிச்சல் ரெட்டிப்பாகிவிட்டது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அடுத்த மாதம் ஆறாம் தேதி சம்மத ஆராதனை என்று வாத்தியார் அறிவித்தார்.

எங்கள் சபையில் ஓட்டு கிடையாது. போதகரை அழைக்கும்போது சம்மதிக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் அன்றைக்கு அழைப்பு நின்றுபோகும். ஒருவரும் விடுபட மாட்டார்கள் என்று பிரசங்கம் பண்ணுகிற சபை, ஒருவரை விட்டுவிட்டுத் தீர்மானம் எடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் வைத்த சட்டம். உட்கார்ந்தவர் எழுந்து முன்னே போய், பிரசங்க மேடைப் படியில் நின்று, சபையைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். ஐயரை அழைத்த அன்றைக்குச் சேசையா பாட்டையா நல்ல தூக்கம். எல்லாரும் எழுந்தபோது அவர் மட்டும் உட்கார்ந்தபடி குறட்டை. எழுப்பிக் கேட்டதற்கு, 'உக்காந்தது உக்காந்ததுதான், சட்டம்னா சட்டம்' என்று அவரே சொல்லிவிட்டார். ஐயருடைய அழைப்பு ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

எனக்கும் உட்காரத் தெரியும்.

ஆகஸ்ட் 29, சனி

காரணங்களை மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். சைக்கிளில் போவது போதகருக்கு அழகில்லை. அசனத்து முறை தெரியாதவள். பெரியவர்களைக் கேட்காமல் அடக்கத்துக்கு மணி அடிக்கச் சொன்னாள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

அந்தப் பெண் மத்தியானம் வந்து, "சம்மதம் கிடைச்சாலும் நீங்க இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாதும்மா. எனக்குத் தனியா இருக்கப் பயம்" என்றாள்.

என் வீட்டில் என்னை இருக்கச் சொல்ல இவள் யார்?

செப்டம்பர் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

"பியூலா அம்மையைப் போதகராக அழைக்கச் சம்மதிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று வாத்தியார் வாசித்தார். பெஞ்சுகள் கரகரத்தன. எல்லாரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். மைனி முழங்கையால் இடித்தாள். "ஏட்டி, எந்தி." நான் எந்திக்கவில்லை.

வாத்தியாருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயரம்மா, மேலுக்குச் சொகமில்லையா?" என்றார்.

"சொகமாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னே நடந்தேன். படியில் ஏறித் திரும்பினேன்.

முதல் வரிசையில் உட்கார்ந்தே என் காலம் போயிற்று. சபையின் முகத்தை நான் அங்கிருந்து பார்த்ததே இல்லை. எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு வீட்டுத் துக்கமும் எனக்குத் தெரியும். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கி வைத்த காரணம் ஒன்றுகூட வரவில்லை. சைக்கிளாவது ஒன்றாவது!

"எனக்குப் பொறாமை" என்றேன்.

நான் நிறுத்தவில்லை.

"இந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. அது பேசுத எடத்துல நின்னு நான் பேசணும்னு எனக்கு ஆச. கலியாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து ஆச. நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. இப்பம் இன்னொருத்தி வந்து நிக்கவும் பொறுக்க மாட்டேங்கு. அதான் உக்காந்தேன். வேற காரணம் இல்ல."

வேறு ஒன்று சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருஷம் இந்தக் கோயிலில் கேட்ட பேச்சு யாருடையது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கல்லறைக் குழியிலிருந்து எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. விழுங்கிவிட்டேன்.

பியூலாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பம் என்ன செய்ய?" என்று வாத்தியார் பொதுவாகக் கேட்டார். பொறாமைதான் காரணம் என்றால் என்ன செய்வது என்று சட்டத்தில் வழி சொல்லவில்லை.

மைனிதான் வாயைத் திறந்தாள். "என்ன செய்யவா? அவளப் பேச விடும் வாத்தியாரே. அடுத்த ஞாயித்துக்கெழம பேசட்டும். நல்லா இல்லன்னா நாமளே உக்கார வச்சிருவோம்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அழைப்பு ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

செப்டம்பர் 9, புதன்

சோறு இறங்கவில்லை. எவளுக்கு வேண்டும் இந்தப் பிரசங்கம்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 12, சனி

வாழைக்காய் சீவினேன். அடுப்படி வாசலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். யாரும் வந்து நின்று, 'நாளைக்கு என்ன பேச' என்று கேட்கவில்லை. அந்த மனுஷன் கேட்டால்தான் எனக்குப் பேச்சு வருமோ என்று பயம் வந்துவிட்டது. அவர் மேல் கோபமாக இருந்தேன். அழுகையும் வந்தது.

செப்டம்பர் 13, ஞாயிறு

பேசினேன்.

கை இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அரிசி களைகிறதைப் பற்றிப் பேசினேன். களைந்து ஊற்றுகிற தண்ணீரோடு நாலு மணி அரிசி ஓடும், எந்தப் பெண்ணும் அதை விடுவதில்லை, சாக்கடை ஓரமாக இருந்தாலும் குனிந்து பொறுக்கிக் கழுவிப் பானையில் போட்டுவிட்டுத்தான் நிமிருவாள் என்றேன். இத்தனூண்டு அரிசிக்கு நாம் குனிகிறோமே, நமக்காக அவர் குனிய மாட்டாரா என்று கேட்டேன். வடக்குத் தெருப் பெண்ணின் தாய் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துத்தான் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். முடித்தபோது கோயிலே நனைந்திருந்தது.

அதன்பின் வாத்தியார் மறுபடியும் அழைப்பை வாசித்தார். எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பியூலா போதகரானாள்.

வாசலில் ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்தார்கள். "அப்பிடியே ஐயர் பேச்சு" என்றாள் ராஜம். "கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன். ஐயரே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார் ஒருவர். வாத்தியாருக்குக் கண் கலங்கியிருந்தது. "இத்தன வருசம் கூடவே இருந்து கேட்டதுல ஐயர் ஒங்களுக்குள்ள எறங்கிட்டாவ. கொடுத்து வச்சவிய ஐயரம்மா" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. தாழ்மையான ஐயரம்மா என்று நினைத்திருப்பார்கள். கடைசிக் கையையும் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுப்படியில் பியூலா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "மூணு மாசமா உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுறேம்மா" என்றாள். "நீங்க பால்காரிகிட்டப் பேசுறதையும் கேட்டிருக்கேன், கோழிய விரட்டுறதையும் கேட்டிருக்கேன். நீங்க ஐயர் மாதிரிப் பேசலம்மா. ஐயர்தான் இத்தனை வருசமா உங்கள மாதிரிப் பேசியிருக்காங்க."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகை ஒன்றும் இல்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த ஒரு வார்த்தையை யாராவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் இத்தனை காலம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சொல்வதற்கு இந்த ஊரில் வேறு ஆளே இல்லையா? அதையும் இவள்தானா சொல்ல வேண்டும்?